மூட்டுவலியும் நம் வீட்டுத் தட்டும்



பதினைந்து வருடங்களுக்கு முன் நம் பள்ளிவாசலின் பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள்தான் கிடந்தன. இன்று ஜும்ஆவில் ஒரு ஸஃப்பே நாற்காலியில் அமர்ந்து தொழுகிறது. அவர்களில் ஐம்பது வயதைத் தாண்டாதவர்களும் உண்டு. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்து எத்தனை நாளாயிற்று என்று அவர்கள் சொல்லும்போது மனம் கலங்குகிறது. வீட்டில் தொழும் நம் பெண்களின் நிலையும் இதுதான்.

மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இன்னொன்றும் தெரிகிறது. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிய வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியவர்கள் பலர். அவற்றில் பல, நெடுநாள் தொடர்ந்தால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் உண்டாக்கக்கூடியவை. முழங்கால் வலியில் தொடங்கி டயாலிசிஸில் வந்து நிற்கும் ஒரு தாயாரின் மனுவைப் படித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

உணவுக்கும் வலிக்கும் என்ன தொடர்பு?

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறதல்லவா? அதற்கு அழற்சி என்று பெயர். கிருமியை எதிர்க்கவும் காயத்தை ஆற்றவும் அல்லாஹ் உடலில் வைத்த ஏற்பாடு அது. வேலை முடிந்ததும் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தால் வலியும் தொடரும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது.

பாரமும் ஒரு காரணம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஒரு கிலோ எடை குறைத்தால், அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் பயானில் கேட்கிறோம், விருந்தில் மறந்துவிடுகிறோம்.

குறைக்க வேண்டியவை

முதலில் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள், வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரை நான்கு முறை குடித்தாலே எட்டுக் கரண்டி ஆகிவிடுகிறது. அடுத்து மைதா பரோட்டா, வனஸ்பதி, பேக்கரிப் பண்டங்கள், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய். பகல் முழுதும் நோன்பிருந்துவிட்டு, இஃப்தாரில் சமோசாவும் வடையும் சர்பத்துமாக நிரப்பினால் நோன்பு உடலுக்குத் தந்த ஓய்வை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

சேர்க்க வேண்டியவை

விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை. மத்தி, அயிலை போன்ற மீன்களில் அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்துச் சாப்பிடலாம், பொரிக்க வேண்டாம். முருங்கைக்கீரை, பயறு, கொய்யா, ஒரு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவை நல்லவை. மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் மஞ்சளின் சத்து உடலில் நன்றாகச் சேரும். நம் சமையலில் இரண்டும் இருக்கின்றன. விருந்துச் சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் காய்கறியும் கிடக்கும் தாளிச்சாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1991ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் நார்வே நாட்டு ஆய்வொன்று வெளியானது. முடக்குவாத நோயாளிகள் சில நாட்கள் உணவை மிகவும் குறைத்து, பின் ஓராண்டு சைவ உணவில் இருந்தபோது வலியும் வீக்கமும் குறைந்தன. நாம் இறைச்சியை விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தினமும் இறைச்சி என்ற பழக்கத்தை வாரம் ஒன்றிரண்டு நாளாகக் குறைக்கலாம்.

எல்லா வலியும் ஒன்றல்ல

இதைக் கவனமாகப் படியுங்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கி வலிப்பவர்களுக்கு ஈரல், சிறுநீரகம், ஆட்டிறைச்சி மட்டுமல்ல, மேலே சொன்ன மத்தியும் நெத்திலியும்கூட வலியை அதிகரிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பழம், பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மஞ்சள் மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டி, எந்த வகை வலி என்று அறிந்துகொள்ளுங்கள். உணவு மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு வேண்டுகோள்: உம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது ஒரு வாரம்கூட நீடிக்காது. வீட்டில் எல்லோரும் ஒரே தட்டில் மாற வேண்டும். மூன்று மாதம் பொறுமையாகச் செய்து பாருங்கள். மூட்டு தாங்கும் அளவுக்கு நடக்கவும் செய்யுங்கள். பலன் ஒரே நாளில் தெரியாது. சிலருக்கு வலி குறையலாம், சிலருக்கு மாத்திரை குறையலாம். இன்ஷா அல்லாஹ், நாற்காலியில் இருப்பவர்களில் சிலரேனும் மீண்டும் தரையில் ஸஜ்தா செய்வார்கள்.

நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.