சரணம்... ஒரு சொல், இரு பொருள்!

கார்த்திகை பிறந்துவிட்டால் தெருவெங்கும் சரண கோஷம்தான்! மாலை அணிந்த ஒருவர் இன்னொருவரைக் கண்டால் ‘சாமி சரணம்’. விடைபெறும்போதும் ‘சாமி சரணம்’. கால் இடறினாலும், கோபம் தலைதூக்கினாலும் அதே ‘சாமி சரணம்’தான். 41 நாள் விரதத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம்! ஆனால், ‘சரணம்னா என்னப்பா?’ என்று வீட்டுக் குழந்தை கேட்டால், சட்டென்று பதில் சொல்வோமா? இந்த வாரம் அதைத் தெரிந்துகொள்வோம்.

திருவடியும் சரணம்... புகலிடமும் சரணம்!

வடமொழியில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்றுக்குப் ‘பாதம்’ என்று பொருள். மற்றொன்றுக்குப் ‘புகலிடம், காப்பவர்’ என்று பொருள். வீட்டையும் அது குறிக்கும். முதல் எழுத்தின் ஒலி மட்டுமே வேறு. தமிழில் இரண்டையும் ‘ச’ என்ற ஒரே எழுத்தால் எழுதுவதால், இரண்டுமே ‘சரணம்’ ஆகிவிட்டன.

‘சரணாரவிந்தம்’ என்றால் திருவடித் தாமரை. கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவிக்குப் பிறகு வரும் சரணமும் பாதத்தைக் குறிக்கும் சொல்தான். செய்யுளின் வரியை நாம் ‘அடி’ என்கிறோமே, அதுபோல! ‘சரணாகதி’, ‘சரணாலயம்’ ஆகியவற்றில் இருப்பது புகலிடம் என்ற சரணம்.

வைணவர்கள் போற்றும் துவய மந்திரத்தில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்தே வருகின்றன. திருவடிகளையே புகலாகப் பற்றுவது என்பதே அதன் உட்பொருள். பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கப்படும் சடாரியைச் சற்று உற்றுப் பாருங்கள். அதன் மேல் பகவானின் திருவடிகள் இருக்கும். நாம் தேடிப்போய்ப் பற்ற வேண்டிய திருவடி, நம் தலையைத் தேடி வருகிறது. எத்தனை பெரிய கருணை!

தோற்றவர் சொல்லும் சொல்லா?

‘கோர்ட்டில் சரண்’, ‘படையினர் சரண்’ என்று நாளிதழ்களில் படிக்கிறோம். அதனால் சரண் என்றாலே தோல்வி, வேறு வழியில்லாமல் பணிவது என்று மனதில் பதிந்துவிட்டது. விபீஷணனை நினைத்துப் பாருங்கள். ராம - ராவண யுத்தம் தொடங்கும் முன்பே, யாரும் அவனைத் தோற்கடிக்காத நிலையில், இலங்கையின் செல்வத்தையும் சுற்றத்தையும் விட்டு அவனாகவே வந்தான். அது தோல்வி அல்ல. தர்மத்தின் பக்கம் நிற்க அவன் எடுத்த முடிவு.

பகைவனின் தம்பியை நம்பக் கூடாது என்று தடுத்தான் சுக்ரீவன். ஏற்கலாம் என்றான் அனுமன். ராமபிரானோ, புகல் என்று வந்தவரைக் காப்பதே தன் விரதம் என்றார். ராவணனே வந்தாலும் அபயம் உண்டு என்றார். ஆக, சரணம் என்ற சொல் கேட்பவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் கட்டுகிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக, அருகில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வாய் திறந்து கேட்கத் தெரியாத உயிர்களுக்கும் இப்படி ஒரு சரணம்!

ஆறு அங்கங்கள்

சரணாகதியை ஆறு அங்கங்களாகச் சொல்வது வைணவ மரபு.

1. இறைவனுக்கு உகந்ததையே செய்வேன் என்ற உறுதி.
2. அவனுக்கு உகக்காததை விலக்குதல்.
3. அவன் நிச்சயம் காப்பான் என்ற நம்பிக்கை.
4. ‘நீயே காக்க வேண்டும்’ என்று வேண்டுதல்.
5. தன்னால் மட்டும் ஆகாது என்று உணரும் பணிவு.
6. தன்னையே அவனிடம் ஒப்படைத்தல்.

‘இத்தனை வருடம் சரணம் சொல்லியும் கஷ்டம் தீரவில்லையே!’ என்று நம்மில் பலருக்கு ஏக்கம் உண்டு. மேலே உள்ள ஆறையும் இன்னொரு முறை படியுங்கள். வேண்டுதல் நான்காவதாகத்தான் வருகிறது. அதிலும் கேட்பது காவலை மட்டுமே. ‘இதைக் கொடு, இந்தத் தேதிக்குள் கொடு’ என்ற பேச்சே இல்லை! கஷ்டம் நம்மைவிட்டுப் போகும் நாள் நம் கையில் இல்லை. அதுவரை தனியாகச் சுமக்கிறோம் என்ற பயம் நீங்குகிறதே, அதுவே சரணத்தின் முதல் பலன்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை ‘சரணம்’ என்று சொல்லும்போது, திருவடியையும் புகலிடத்தையும் சேர்த்தே நினையுங்கள். கூடவே இன்னொன்றும். உங்கள் வாசலுக்கு யாராவது ஓர் உதவி தேடி வந்து நிற்கக்கூடும். சாமியிடம் சரணம் கேட்கும் நாம், நம்மை நாடி வந்தவருக்கு முகம் திருப்பலாமா? அவர் சொல்லாமல் சொல்வதும் சரணம்தானே!