டபுள் டியூட்டியில் நேரும் பிழை யாருடையது?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் தொடர்ந்து 16 மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. இரவில் இருபது நோயாளிகளுக்கு நான் ஒருத்திதான். களைப்பில் மருந்து மாறி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், சட்டப்படி நான் மட்டும்தான் பொறுப்பா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. ஆனால் ‘களைப்பாக இருந்தேன்’ என்று சொல்வதாலேயே உங்களை விட்டுவிடவும் மாட்டார்கள். கவனக்குறைவு வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது, பயிற்சி பெற்ற செவிலியர் காட்ட வேண்டிய கவனம் காட்டப்பட்டதா என்பதைத்தான். கண் விழித்துக் கிடந்தவருக்காக அந்த அளவுகோல் இறங்கி வராது. எனவே உங்கள் களைப்பை, டியூட்டி ரோஸ்டர் போட்ட நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியமாக முன்வைக்க வேண்டும். தவறு நடந்த அன்றைக்கு அதை நினைவிலிருந்து சொன்னால் எடுபடாது. முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

அதிக வேலைநேரம் ஆபத்து என்பது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவில் 393 செவிலியர்களின் பணிக் குறிப்புகளை ஆராய்ந்து ஆன் ரோஜர்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஷிப்ட் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்டபோது பிழைக்கான வாய்ப்பு மூன்று மடங்கானது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு, ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினாலே அறுவைச் சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதை 2002இல் காட்டியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்த 2014ஆம் ஆண்டு ஆய்விலும் அதே 7 சதவீதம்தான். இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, ஆள் குறைவுதான் காரணம் என்று நிறுவவில்லை என்று நிர்வாகத்தின் வழக்கறிஞர் வாதிடலாம், நியாயமான கேள்விதான். அதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பதில் சொல்கிறது. 2016இல் அங்கே பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் எனச் சட்டம் வந்தது. சட்டம் பொருந்திய மருத்துவமனைகளைப் பொருந்தாதவற்றோடு ஒப்பிட்டபோது, இரண்டே ஆண்டுகளில் 145 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கூடுதல் சம்பளத்துக்கு ஆன செலவைப்போல இரு மடங்கு பணம் மிச்சமானது. கட்டுப்படியாகாது என்ற வாதத்துக்கும் இதுவே பெரும்பாலும் போதும்.

இந்திய நர்சிங் கவுன்சில் நெறிப்படி போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர். உங்கள் வார்டிலோ இருபதுக்கு ஒருவர். தனியார் செவிலியர்களின் பணி நேரம் அரசுச் செவிலியர்களுக்கு இணையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவுப்படி அமைந்த குழுவும் சொன்னது. ‘எல்லாம் பரிந்துரைதானே’ என்பார்கள். உண்மைதான், மீறியதற்காக யாரையும் சிறையில் போட முடியாது. ஆனால் நியாயமான கவனம் எது என்று நீதிமன்றம் அளக்கும்போது, துறையே வகுத்துக்கொண்ட நெறியைவிட நல்ல அளவுகோல் வேறு இருக்க முடியாது. 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், தகுதி பெறாத செவிலியர் போட்ட தவறான ஊசியால் பாதிக்கப்பட்ட சிறுவனுக்கும் பெற்றோருக்கும் மருத்துவமனைதான் இழப்பீடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2004இல் சவிதா கார்க் வழக்கில், கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமையையும் மருத்துவமனை மேலேயே வைத்தது. செவிலியரை வேலையை விட்டு அனுப்பிவிட்டுக் கைகழுவ நிர்வாகத்தால் முடியாது.

கவலைப்பட வேண்டியது குற்றவியல் பக்கம்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும், மருத்துவச் செயல்பாட்டின்போது நேர்ந்ததென்றால், அது இரண்டாண்டு. ஒரே படுக்கை, ஒரே நோயாளி. மருந்து எழுதியவருக்குக் கிடைக்கும் சலுகை அதைக் கொடுத்தவருக்கு இல்லை. இது அநீதி என்பதே என் கருத்து. குற்ற வழக்குக்குச் சாதாரணப் பிழை போதாது, கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்களைப் பற்றிய தீர்ப்புதான் அது. அதன் தர்க்கம் செவிலியருக்கும் பொருந்தும் என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. 16ஆவது மணி நேரத்தில் நேர்ந்த பிழை அந்த வகையில் சேராது என்று காட்ட ரோஸ்டர் கையில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டைச் செவிலியர்களே விரும்புகிறார்களே, கூடுதல் விடுப்பு நாள் கிடைக்கிறதே என்று கேட்கலாம். விரும்பி ஏற்ற பன்னிரண்டு வேறு, ஆள் வராததால் தலையில் விழும் பதினாறு வேறு. மேலும், உங்கள் சம்மதம் நோயாளியின் சம்மதம் ஆகாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மாற்று ஆள் வராமல் வார்டை விட்டு வெளியேறுவது. அதுவே கவனக்குறைவாகிவிடும். டபுள் டியூட்டி விழும் ஒவ்வொரு முறையும், எத்தனை மணி முதல் பணியில் இருக்கிறீர்கள், எத்தனை நோயாளிகள், மாற்று ஆள் கேட்டது எப்போது என்று நர்சிங் சூப்பரின்டெண்டன்டுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் அதையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தனியாக எழுதினால் மெமோ வரலாம். வார்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையொப்பமிட்டு எழுதுங்கள்.