கடையநல்லூர்க் குடும்ப வரலாறுகளும் ‘ஆம்’ என்னும் ஈறும்

குடும்ப வரலாறு எழுதுவோர் பெயர், ஆண்டு, உறவுமுறை ஆகியவற்றை மட்டும் அடுக்கினால் அடுத்த தலைமுறை அதனைப் படிப்பதில்லை. சுவை கருதி உரையாடலும் காட்சியும் புனைந்து சேர்த்தாலோ, இரண்டு தலைமுறைக்குள் அப்புனைவே குடும்பத்தின் உண்மையாக நிலைபெற்றுவிடுகிறது. கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் புலம்பெயர்ந்த குடும்பங்களை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடையநல்லூர் கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். சிங்கப்பூர் சென்ற தமிழ் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தனித்த ஆடவராகவே சென்றனர். கடையநல்லூர், தென்காசிப் பகுதியினரோ மனைவி மக்களுடனும் குடியேறினர். 1941இல் அங்குக் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946இல் அவ்வமைப்பின் முயற்சியால் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி உருவாயிற்று. அமைப்புகளுக்கு ஆவணம் உண்டு. தறிக்குழியை விட்டுக் கப்பலேறிய பெண்ணுக்கு அத்தகைய ஆவணம் அரிது. அவளைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் வாய்மொழியே.

வாய்மொழியைக் கதையாக்கும் முறைக்குக் கரிசல் நிலத்திலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த கம்மவாரின் இடப்பெயர்வைக் கூறும் நாவல். தப்பி வருவோர் ஆற்றைக் கடக்க மரம் வளைந்து வழிவிடும் நிகழ்ச்சியை ஆசிரியர் தம் கூற்றாகச் சொல்வதில்லை. மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதியவளின் வாயில் வைக்கிறார். அற்புதம் சிதையாமல் நிற்கிறது. ஆயினும் அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதும் தெளிவாகிறது. நாவலாசிரியருக்கு இது உத்தி. குடும்ப வரலாற்றாசிரியருக்கோ கடமை.

இக்கடமையை நிறைவேற்றத் தமிழில் ஓர் ஈறே போதும். ‘நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்’ என்பது எழுதுவோரின் உறுதிமொழி. ‘கப்பலேறினாராம்’ என்பது கேள்விச் செய்தி. ‘கப்பலேறினார் போலும்’ என்பது பிற குறிப்புகளிலிருந்து உய்த்துணர்ந்தது. அடிக்குறிப்பு இல்லாமலே சான்றின் தரம் வினைமுற்றில் பதிவாகிவிடுகிறது, கதையோட்டமும் தடைபடுவதில்லை. ஆயினும் ‘ஆம்’ ஈற்றுக்கு எள்ளல் தொனியும் உண்டு. ஒரே பத்தியில் நான்கு முறை வந்தால், சொன்னவரை எழுதுபவர் நம்பவில்லை என்றே படிப்போர் கொள்வர். ஆகவே கதைசொல்லியைப் பெயருடன் ஒருமுறை அறிமுகப்படுத்தி, ஐயத்திற்குரிய இடங்களில் மட்டும் இவ்வீற்றை ஆளுதல் தகும்.

இம்முறைக்குக் கடுஞ்சோதனையாக அமைவது 1942 முதல் 1945 வரையிலான காலம். சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ஊருக்கு வந்துகொண்டிருந்த கடிதமும் பணமும் நின்றன. அங்கிருந்தவர் அனுபவித்ததை அறியாத வழித்தோன்றல், அவ்வெற்றிடத்தை உருக்கமான உரையாடலால் நிரப்ப எளிதில் முற்படுவார். அதனினும் வலிமையான கதை இங்கேயே உள்ளது. பணம் வராத வீட்டில் எவர் தறியில் அமர்ந்தார், எந்த நகை அடகுக்குப் போயிற்று, இறந்துவிட்டதாகக் கருதப்பட்டவருக்கு எவரேனும் துக்கம் காத்தனரா ஆகிய வினாக்களுக்கு ஊரிலிருக்கும் முதியோரிடம் விடை கிடைக்கக்கூடும். விடை கிடைக்காத வினாவையும் வினாவாகவே அச்சில் விடலாம். சிங்கப்பூரிலிருக்கும் மற்றொரு கிளையினர் அதைப் படித்துத் தம் பாட்டி சொன்னதைச் சேர்க்க அங்கு இடமிருக்கும்.