கண்ணைக் கெடுப்பது கம்ப்யூட்டரா?

வீட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, அதன் விலை என்ன என்பது. இரண்டாவது கேள்வி, "இதையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு என்னத்துக்குடா ஆகும்?" என்பது. நான் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் ஆறு வருடமாக புரோகிராம் எழுதுகிறேன். தினமும் ஒன்பது மணி நேரம் ஸ்கிரீன் முன்னால்தான். அதனால் சொந்த ஊரான மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம், உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள உறவினர்கள் இந்த இரண்டாவது கேள்வியை என்னிடம்தான் கேட்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கண்ணைக் களைப்பாக்கும், பார்வையைப் பறிக்காது. பார்வையைப் பறிக்கிற நோய்கள் வேறு. அவற்றில் சில, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அதே ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா, அம்மாவின் கண்ணுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம். அவற்றைக் கண்டுபிடிக்க இன்றைக்குக் கம்ப்யூட்டர்தான் பெரிய துணை. இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் களைப்பு

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுகிறோம். ஸ்கிரீனைக் கூர்ந்து பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு சிமிட்டலிலும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கண் மேல் பரவுகிறது. சிமிட்டல் குறைந்தால் படலம் காய்ந்து எரிச்சல், உறுத்தல், மங்கல். அவ்வளவுதான் விஷயம். மானிட்டரை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். அதன் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள்.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வேறு ஒரு தொந்தரவு உண்டு: வெள்ளெழுத்து. செய்தித்தாள் படிக்க வாங்கிய கண்ணாடி ஒன்றேகால் அடி தூரத்துக்கானது. மானிட்டரோ இரண்டடி தள்ளி இருக்கிறது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம் என்பார்கள். கண்ணாடி போடும்போது ஸ்கிரீன் தூரத்தையும் அளந்து சொன்னால் அதற்கேற்ற பவர் தருவார்கள். அதுவரை கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை முன்னால் உருட்டுங்கள். பிரவுசரில் எழுத்து பெரிதாகும். விண்டோஸ் கீயோடு + கீயை அழுத்தினால் மேக்னிஃபையர் என்ற உருப்பெருக்கி திறக்கும். விண்டோஸ் கீயோடு எஸ்கேப் அழுத்தினால் மூடிக்கொள்ளும்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடைகளில் விற்கிறார்களே? 2023இல் 17 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் அறிக்கை, அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கலாம்.

உப்புக்காற்றும் முள்ளும்

எங்கள் கடற்கரையில் கண்ணுக்கு முதல் எதிரி வெயில். பாம்பனில் படகில் போகிறவருக்கும், வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாருகிறவருக்கும் சூரியன் மேலிருந்தும் அடிக்கிறது, தண்ணீரிலும் உப்பிலும் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. இந்தப் புற ஊதாக்கதிரும் காற்றும் மணலும் சேர்ந்து பல வருடம் தாக்கினால், மூக்கோரமாக வெள்ளைவிழியில் ஒரு சதை கிளம்பிக் கருவிழியின் மேல் முக்கோணமாக ஏறும். ஊரில் "கண்ணில் சதை வளர்ந்திருக்கு" என்பார்கள். டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டெரிஜியம். சின்னதாக இருந்தால் சொட்டு மருந்தும் கண்காணிப்பும் போதும். பார்வையை மறைக்கிற அளவு வந்தால் ஆபரேஷன். சதையை வெட்டி மட்டும் விட்டால் பெரும்பாலும் திரும்ப வளரும். அதே கண்ணிலிருந்து ஒரு மெல்லிய தோலை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் திரும்ப வருவது வெகுவாகக் குறையும். ஆபரேஷனுக்கு முன் "ஒட்டு வைப்பீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். புற ஊதாக்கதிரைத் தடுக்கும் கூலிங் கிளாஸும் அகலமான தொப்பியும் முன்னெச்சரிக்கை. படகுக்காரர் கூலிங் கிளாஸ் போட்டால் ஊரே சிரிக்கும், தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது எதிரி சீமைக்கருவேல முள், பனையோலை, நெற்கதிர். கண்ணில் கீறல் பட்ட இடத்தில் கிருமி, அதிலும் பூஞ்சை, புகுந்துவிட்டால் கருவிழியில் புண் வரும். மதுரை மாவட்டத்தைப் பற்றி 1996இல் வெளியான ஒரு ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. இதில் தாமதம் நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் எண்ணப்பட வேண்டியது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் மோசம். முதல் நாள் சிவப்பு குறைந்தது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவும். புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் அது பூஞ்சையா பாக்டீரியாவா என்று சொல்ல முடியும். மருந்து இரண்டுக்கும் வேறு வேறு.

புரை

கண்புரையைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் 66.2 சதவீதம் பேருக்குக் காரணம் புரைதான். ஆனால் இது ஆபரேஷனால் மீட்கக்கூடிய பார்வை. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் லென்ஸ் வைக்கிறார்கள். இந்த யோசனை ஹரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டருடையது. போர் விமானத்தின் மேல்மூடி உடைந்து, விமானிகளின் கண்ணுக்குள் போன பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் எதிர்க்காமல் இருப்பதைக் கவனித்தவர், 1949இல் முதல் லென்ஸை வைத்தார். அந்த லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே ஆரோலேப் மலிவாகச் செய்கிறது. அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் இலவசம்.

பெயிண்டில் ஒரு சோதனை

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, இடது பக்கம் ஒரு + குறி போடுங்கள். அதற்கு நேர் வலது பக்கத்தில், பள்ளிக்கூட ஸ்கேலை மானிட்டர் மேல் வைத்து அளந்து 14 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வரையுங்கள். முக்கால் மீட்டர் தள்ளி உட்காருங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் + குறியை மட்டும் பார்த்தபடி மெதுவாக முன்னே வாருங்கள். ஏறத்தாழ அரை மீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும்.

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. பார்வை நரம்பு கண்ணிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு கண்ணிலும் பிறந்தது முதல் ஒரு ஓட்டை இருக்கிறது. கவனியுங்கள்: புள்ளி மறைந்த இடத்தில் இருட்டாகவோ ஓட்டையாகவோ தெரியவில்லை, வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றியுள்ள நிறத்தை வைத்து மூளையே இட்டு நிரப்பிவிட்டது.

கிளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் இப்படித்தான் ஏமாற்றுகிறது. இதில் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. ஓரப் பார்வையில் ஓட்டைகள் விழுகின்றன. மூளை ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டுக்கொண்டே வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு வலி இல்லை, நடுப் பார்வை கடைசி வரை தெளிவு. வாசலில் கிடக்கும் வாளியை இடறும்போதுதான் சந்தேகம் வரும். அதற்குள் போன பார்வை போனதுதான்; எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது.

கண்டுபிடிக்க மூன்று சோதனைகள். கண்ணின் அழுத்தத்தை அளப்பது. 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை சாதாரண அளவு. ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு நோய் இருக்கும், அதனால் பின்பக்க நரம்பையும் பார்ப்பார்கள். மூன்றாவது, கிட்டத்தட்ட ஒரு கம்ப்யூட்டர் கேம். கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே மினுக்கென்று வெளிச்சம் தோன்றும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். எந்த இடத்து வெளிச்சத்துக்குப் பட்டன் அழுத்தப்படவில்லை என்று கம்ப்யூட்டர் வரைபடம் போட்டுத் தரும். சும்மா சும்மா பட்டனை அழுத்தினால் அதையும் கண்டுபிடித்துவிடும்!

சிகிச்சை, தினசரி சொட்டு மருந்து. தேவைப்பட்டால் லேசர், ஆபரேஷன். மருந்து விட்டால் பார்வை கூடப்போவதில்லை, இருப்பது நிற்கும். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் இழக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது இது இருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்வது அவசியம்.

சர்க்கரையும் ஒரு போட்டோவும்

என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவர். பொடி எழுத்தையும் கண்ணாடி போட்டுத் தடங்கலில்லாமல் படிப்பார். "நல்லாத்தானடா தெரியுது, எதுக்கு மதுரைக்கு அலையணும்?" என்றவரைச் சென்ற ஆண்டு என் அம்மாதான் பிடிவாதமாக அழைத்துப் போனார். விழித்திரையைப் படமெடுத்து மானிட்டரில் காட்டினார்கள். ஆரஞ்சு நிறப் பரப்பில் வேர் போல ரத்தக் குழாய்கள். நடுநடுவே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், மஞ்சள் திட்டுகள். சர்க்கரை நோயில் இந்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசிகின்றன. பிறகு புதுக் குழாய்கள் முளைத்து உடைகின்றன. அப்பாவுக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். சிலருக்குக் கண்ணுக்குள் ஊசி மருந்து, முற்றிய நிலையில் ஆபரேஷன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்ட யார் ஒரு நாள் கூலியை விட்டுப் போவார்கள்? இந்தத் தூரத்தைத்தான் கம்ப்யூட்டர் குறைக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார்; டாக்டர் நகரத்து மருத்துவமனையிலிருந்து வீடியோவில் பேசுவார். அப்போது கிராமத்தில் வேகமான இன்டர்நெட் ஏது? தேனிப் பகுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் வை-ஃபையையே பல கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டினார்கள். வை-ஃபை ஒரு தகவலை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் தாமதமாகும், உடனே திரும்ப அனுப்பி நேரத்தை வீணாக்கும். அவர்கள் பதிலை மொத்தமாகச் சேர்த்து வாங்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். ஆன்டெனாவை மட்டும் பெரிதாக்கியிருந்தால் நடந்திருக்காது.

அடுத்த கட்டம், போட்டோவைக் கம்ப்யூட்டரே படிப்பது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. நான் எழுதும் புரோகிராமில் 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று ஒவ்வொரு விதியையும் நானே எழுதுவேன். இதில் அப்படி யாரும் எழுதவில்லை. படங்களைப் பார்த்து அதுவே கற்றது. சோதனைப் படங்களில், டாக்டரிடம் அனுப்ப வேண்டிய நோய் இருந்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்தது.

ஆனால் தாய்லாந்து கிராம மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திய அனுபவம் 2020இல் வெளியானது. எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவாக இல்லை என்று கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை. அறையில் வெளிச்சம் அதிகம் என்பது ஒரு காரணம். மோசமான படத்தை வாங்கிக்கொண்டு தவறான பதில் சொல்லாமல் மறுத்தது நல்லதே. ஆனால் ஒரு திரைச்சீலை போட்டிருந்தால் பலருக்கு இரண்டாம் பயணம் மிச்சமாகியிருக்கும்.

போகும்போது

சர்க்கரை உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். நாற்பது தாண்டிய மற்றவர்கள் ஒரு தடவையாவது முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். அதனால் பைக்கில் தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரோடு பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள். பழைய கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது விழித்திரைப் படத்தையும் வரைபடத்தையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். பிரிண்ட் மட்டும் தந்தால் மொபைலில் நேராகப் படமெடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஃபைலின் பெயரில் வருடம், மாதம், தேதி, பிறகு வலது கண்ணா இடது கண்ணா என்று இதே வரிசையில் எழுதினால், விண்டோஸ் தானாகவே கால வரிசைப்படி அடுக்கிவிடும். அடுத்த வருடம் டாக்டர் புதுப் படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் நோய் நின்றிருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று சொல்வார். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்பாவின் ஃபோல்டரில் இப்போதைக்கு நான்கு படங்கள் இருக்கின்றன. ஒரு பிரதி என் பென் டிரைவில்.