வயலைப் பகுத்து மண் எடுத்தலும், பகுதிக்கேற்ப உரமிடலும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பானையிலுள்ள அரிசி யாவும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்ததாதலின், ஒரு சோறு மற்றவற்றின் பதத்தைத் தெரிவிக்கின்றது. வயலோ அத்தகையதன்று. ஒரே வரப்புக்குள் அடங்கிய நிலமாயினும் அதன் மண் இடத்துக்கிடம் வேறுபடும். இதனை மறந்து, ஓரிடத்து மண்ணைப் பரிசோதித்து, அதன் முடிவை வயல் முழுமைக்கும் கொள்வதனால் குடியானவர்க்கு உண்டாகும் நஷ்டம் சிறிதன்று.

வேறுபாடு தோன்றும் விதம்

நஞ்செய் நிலத்தைச் சமன் செய்யுங்கால், மேட்டின் மேல்மண்ணை வெட்டிப் பள்ளத்தில் நிரப்புகிறோம். வெட்டிய இடத்தில் சத்துக் குறைந்த அடிமண் வெளிப்படுகின்றது. நிரப்பிய இடத்திலோ நல்ல மண் இரட்டிப்பாகச் சேருகின்றது. மடையருகே வண்டல் படிகின்றது. ஆண்டுதோறும் நாற்றங்காலாக இருந்த மூலையும், ஆட்டுக்கிடை மறித்த இடமும், எருக்குவியல் கிடந்த இடமும் நெடுநாள் கொழுப்புடன் இருக்கும். வண்டிப் பாதைக்கு அண்மையில் எரு மிகுதியாகவும், தொலைவில் குறைவாகவும் விழுவது வழக்கம். வடிகாலற்ற தாழ்ந்த மூலையில் உவர் பூக்கும். இரு வயல்களின் நடுவரப்பை வெட்டி ஒன்றாக்கினால் வரப்பு மறையும். அவ்விரு மண்ணின் குணம் மறைவதில்லை.

கலவை மண் காட்டும் கணக்கு

நான்கு ஏக்கர் நெல் வயல் ஒன்றில், பயிர் கொள்ளத்தக்க மணிச்சத்து மேற்குப் பாதியில் ஹெக்டேருக்கு 28 கிலோவும், கிழக்குப் பாதியில் 8 கிலோவும் உள்ளதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வழங்கும் அளவுப்படி, 11 கிலோவுக்கு உட்பட்டது குறைவு. 11 முதல் 22 வரை நடுத்தரம். அதற்கு மேற்பட்டது மிகுதி. இரு பாதிகளின் மண்ணையும் ஒன்றாய்க் கலந்து அனுப்பினால், 18 கிலோ அளவில் கணக்காகி, ‘நடுத்தரம்’ என்று முடிவு வரும். அவ்வயலிலோ நடுத்தரமான மண் ஒரு பிடியும் இல்லை!

அம்முடிவை நம்பி, ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்னும் பொதுச் சிபாரிசின்படி, 16 சதவிகித சூப்பர் பாஸ்பேட்டை ஏக்கருக்கு 125 கிலோ வீதம் இட்டால், நான்கு ஏக்கருக்கும் 50 கிலோ மூட்டைகள் 10 செல்லும். கிழக்குப் பாதியில் நெல் போதிய அளவு தூர் கட்டாது. மேற்குப் பாதியில் இட்ட உரத்தில் ஒரு பங்கு வீணாகக் கிடக்கும். மணிச்சத்து மிகுந்தால் பயிர் துத்தநாகச் சத்தைக் கொள்வது தடைப்படுவதுமுண்டு.

சத்துக் குறைந்த மண்ணுக்குச் சிபாரிசில் நாலில் ஒரு பங்கு கூட்டியும், மிகுந்த மண்ணுக்கு நாலில் ஒரு பங்கு குறைத்தும் இடுவது பொது விதி. அதன்படி கிழக்குப் பாதிக்கு 6¼ மூட்டையும், மேற்குப் பாதிக்கு 3¾ மூட்டையும் ஆகும். கூட்டினால் அதே 10 மூட்டைதான். உரச் செலவு ஒரு காசும் கூடவில்லை. உரம் வேண்டிய இடத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

மாதிரி எடுக்கும் முறை

ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள மேல்மண் ஏறக்குறைய ஒன்பது லட்சம் கிலோ எடையுள்ளது. மணிச்சத்தைக் கணிக்க ஆய்வுச்சாலையில் நிறுக்கப்படுவதோ இரண்டரை கிராம் மண். மண் எடுக்கும்போது நேர்ந்த பிழையை அங்கே திருத்த இயலாது. ஆகவே பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. அறுவடை முடிந்தபின், எரு இடுவதற்கு முன் மண் எடுக்க வேண்டும்.

2. முதலில் வயலைச் சுற்றி நடந்து, நிறம், மேடு பள்ளம், சென்ற போகத்துப் பயிரின் செழிப்பு இவற்றைக் கொண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒரு படம் வரைந்துகொள்க.

3. வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குவியல், கிணற்றோரம் ஆகிய இடங்களை நீக்குக.

4. பகுதிதோறும் வளைந்து வளைந்து நடந்து, 10 முதல் 15 இடங்களில் ஆப்பு வடிவமாகக் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். நெல், நிலக்கடலைக்கு 15 சென்டிமீட்டரும், கரும்பு, பருத்தி, வாழைக்கு 22½ சென்டிமீட்டரும் ஆழம் வேண்டும்.

5. ஒரு பகுதியின் மண்ணை மட்டும் ஒன்றாய்க் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக்கிலோ மிஞ்சும்வரை இவ்வாறே குறைத்து, நிழலில் உலர்த்துக. உரம் இருந்த பைகளை உபயோகித்தல் கூடாது.

6. நுண்சத்துக்களை அறிய வேண்டின் இரும்புக் கருவியைத் தவிர்த்து, மரக்கருவியால் எடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய வேறு சில

2015-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியபோது, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒவ்வொரு மாதிரி எடுக்க விதிக்கப்பட்டது. 2.5 ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்கு மேற்பட்டது. பலருடைய வயல்கள் அதில் அடங்கக்கூடும். அட்டை பெற்றவர்கள், மண் எவ்விடத்தில் எடுக்கப்பட்டதென்பதை விசாரித்தறிதல் நலம்.

தழைச்சத்து நீருடன் ஓடுவதும் காற்றில் கலப்பதுமாகையால், மண் பரிசோதனை ஒன்றையே நம்பாது, இலைவண்ண அட்டையைக் கொண்டு பயிரின் பச்சையைப் பார்த்துப் பகுதிதோறும் மேலுரம் இட வேண்டும். செழித்த பகுதிக்கு மேலும் யூரியா இட்டால் பயிர் சாயும், புகையானும் பெருகும்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த லின்ஸ்லி, பௌர் என்போர், வயலைக் கட்டங்களாகப் பகுத்து, மண்ணின் புளிப்பைச் சோதித்து, இடத்திற்கேற்பச் சுண்ணாம்பு இடுமாறு 1929-லேயே குடியானவர்களுக்கு உரைத்தனர். பிற்காலத்தில் செயற்கைக் கோள்களின் உதவியால் இடமறிந்து, தானே உர அளவை மாற்றும் இயந்திரங்கள் அங்கே வழக்கத்திற்கு வந்தன. நமது சிறு வயல்களில் அவ்வேலையைக் கூடையேந்தி உரமிடும் கையே செய்ய வல்லது. அதற்கு வேண்டுவன, பகுதிகளின் எல்லையில் நட்ட நான்கு குச்சிகளும், தனித்தனியே நிறுத்து வைத்த உரமுமேயாம். வருகிற கோடையில் ஒரே ஒரு வயலிலேனும் இதனைச் செய்து பார்த்து, அறுவடையில் பகுதிதோறும் நெல்லைத் தனியே அளந்து, பலனைத் தாமே அறிந்துகொள்வாராக.