பிழை செய்த சிறுவரும் கிராமத்தாரும்

சேவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், வயது பதினாறு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் சைக்கிளொன்றைத் திருடி அகப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் நாலு அடி கொடுத்தால் புத்தி வரும் என்பார் பலர். சட்டம் அதற்கு இடந்தரவில்லை, அனுபவமும் இடந்தரவில்லை.

சிறுவனைச் சிறையிலிட்டால் பழங்குற்றவாளிகளே அவனுக்கு உபாத்தியாயராவர். இதனை உணர்ந்தே 1887-ம் வருஷத்தில் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. சென்னை மாகாணத்துக் குழந்தைகள் சட்டம் 1920-ல் பிறந்தது. மாகாணங்களுள் இதுவே முதலாவது. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன.

இப்பொழுது நடைமுறையிலிருப்பது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். இதன்படி 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைத்தலாகாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவருதல் வேண்டும். குழுமத்தில் மாஜிஸ்திரேட் ஒருவரும், சமூக ஊழியர் இருவரும் இருப்பர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும்.

குழுமம் கண்டித்து அனுப்பலாம். சமூகத் தொண்டு செய்யச் சொல்லலாம். மூன்று வருஷத்துக்கு மேற்படாமல் சிறப்பு இல்லத்திலும் வைக்கலாம். ஆயின் கிராமத்தார் முக்கியமாய் அறியவேண்டிய வழி வேறொன்று உண்டு. பையனை நன்னடத்தையின் பேரில் விடுவித்துத் தாய் தந்தையரிடமோ, குழுமம் தகுதியுள்ளவரென ஏற்கும் வேறொருவரிடமோ ஒப்புவிக்கலாம். அவர் பத்திரம் எழுதிக் கொடுத்து, மூன்று வருஷம் வரை அவனுடைய நடத்தைக்கும் நலத்துக்கும் பொறுப்பேற்பார். தந்தை குடிகாரராகவோ வெளியூர்க் கூலியாகவோ இருக்கும் வீடுகளில் இவ்வேற்பாடின்றிப் பையனுக்குக் கதியில்லை. ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இல்லையா? நிலபுலமுள்ள பெரியவர் இல்லையா? ஆடு தொலைந்தால் பத்துப் பேர் தேடுகிறோம்.

விடுதலையாகி வந்தவனுக்கு வேலை கொடுக்கக் கம்பெனிக்காரர் தயங்குவது நாம் காணாததன்று. பெரியவரைப்போல் விசாரித்துத் தீர்க்கப்பட்ட சில கொடிய வழக்குகள் நீங்கலாக, சிறுவயதுக் குற்றம் எவ்வுத்தியோகத்துக்கும் தடையாகாதென்று சட்டம் விதிக்கிறது. உரிய காலம் கழிந்தபின் அதன் பதிவையும் அழிக்கச் சொல்கிறது. அவன் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுதலும் குற்றமே. கச்சேரியில் அழிந்த ஏட்டை டீக்கடைத் திண்ணையில் நாம் வைத்திருத்தல் என்ன நியாயம்?

வேலை கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை: பதினாலு வயது நிரம்பாதவன் பள்ளிக்கே போகவேண்டும். அதற்கு மேற்பட்டுப் பதினெட்டு நிரம்பாதவனை அபாயமான வேலைகளில் சேர்த்தலாகாது. பத்திரம் எழுத முன்வருவோர் ஜில்லாக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலுள்ள நன்னடத்தை அதிகாரியைக் கண்டு கேட்கலாம். 1098 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம்.