வாட்ச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலையில் வாட்ச் ரிப்பேர் மேசையிலேயே தலை நரைத்தவன் நான். வாட்ச் சேர்க்கும் ஆசையோடு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் விரித்த துணியில் ரோலக்ஸ், ஒமேகா என்று பெயர் போட்ட வாட்சுகளைப் பார்ப்பாய். விற்பவர் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்பார், 'மாஸ்டர் காப்பி' என்பார். எல்லாம் டூப்ளிகேட்தான். ஒன்றைவிட ஒன்று நன்றாகச் செய்யப்பட்டிருக்கலாம். சட்டம் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

2. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தைத் தெரிந்துகொள். அடுத்தவர் பெயரைப் பொருளில் பொறிப்பவருக்கும், அதை விற்பவருக்கும், விற்பதற்காக வைத்திருப்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத காவல் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்றுக்கொண்டு, வாரண்ட் இல்லாமலே கடையைச் சோதித்துப் பறிமுதல் செய்யலாம். 'காப்பி என்று சொல்லித்தானே விற்றேன்' என்பது காப்பாற்றாது. ஒரிஜினல் என்று சொல்லி விற்றால் மோசடி வழக்கும் சேரும்.

3. 'நான் விற்கவில்லையே, கையில் கட்டிக்கொள்ளத்தானே வாங்குகிறேன்' என்று கேட்கிறார்கள். சரி, சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரை நம் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் சேகரிப்பவன் ஒருநாளும் வாங்குவதோடு நிற்க மாட்டான். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவான், பணமுடை வந்தால் விற்பான். விற்க எடுத்து வைத்த அன்றே கோட்டைத் தாண்டிவிட்டாய். வெளிநாட்டுப் பயணத்தில் இன்னும் கவனம் வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2008 ஜூலை முதல், சொந்த உபயோகத்துக்கான ஒற்றைப் போலியைக்கூடச் சுங்கத்தில் பறித்து அழிக்கலாம். இத்தாலியில் வாங்கியவருக்கே அபராதம்.

4. கையில் காசு குறைவா? எச்எம்டியில் தொடங்கு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதன் வாட்ச் நிறுவனத்தை மூட ஒப்புதல் கொடுத்தது. நம் அப்பாக்கள் தலைமுறையில் கல்யாணத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் அந்த வாட்ச்தான்.

ஆனால் இங்கேயும் ஏமாற்று நுழைந்துவிட்டது. பழைய மிஷினை எடுத்து, டயலைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்து, மேலே ஜனதா, பைலட் என்று எச்எம்டி மாடல் பெயர்களை அச்சடித்து 'பழசு, பயன்படுத்தாதது' என விற்கிறார்கள். மும்பைப் பக்கமிருந்து வருபவை அதிகம். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் பெயரை அச்சடித்தால் இதுவும் போலிதான். ரோலக்ஸ் போலியைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒரு வாத்தியார் கையில் பல வருடம் ஓடி மஞ்சள் பூத்த டயலை அழித்துவிட்டு ஆரஞ்சு வர்ணம் பூசுகிறார்களே! மங்கிய டயலுக்கே அதிக விலை கொடு.

5. பின்மூடியைத் திறக்காமல் பணம் கொடுக்காதே. ஜனதாவுக்குள் 17 கல் வைத்த, சாவி கொடுக்கும் 0231 மிஷின் இருக்க வேண்டும். லென்ஸ் வைத்து ஸ்க்ரூத் தலைகளைப் பார்: நாலா பக்கமும் பிய்ந்திருந்தால் பலர் கை பட்டிருக்கிறது. கேஸ் தேய்ந்து டயல் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படு. எழுத்தின் ஓரம் மை பரவியிருந்தாலும், முள்ளில் பூசிய ஒளிரும் வர்ணம் திட்டுத்திட்டாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு.

6. நொடி முள்ளைப் பார். டயலில் 'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்க, முள் நொடிக்கு ஒருமுறை மட்டும் குதித்தால் உள்ளே பேட்டரி. ஜனதா நொடிக்கு 5 தட்டு, இன்றைய ரோலக்ஸ் பெரும்பாலும் 8. முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். மலிவான போலியில் முலாமும் நிற்காது. அதைக் கட்டிக்கொண்டு வியர்வையோடு 14 கிலோமீட்டர் மலை சுற்றினால் மணிக்கட்டில் பச்சைக் கறை படியும், சிலருக்கு அரிக்கும்.

7. ஒவ்வொரு வாட்சுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு. யாரிடம் வாங்கினாய், எப்போது, என்ன விலை, எந்தப் பாகம் மாற்றியது என்று எழுது. பில் இருந்தால் ஒட்டி வை.

8. ஏற்கெனவே ஒரு காப்பியை வாங்கிவிட்டாயா? விற்காதே, தங்கை மாப்பிள்ளைக்கு ஒரிஜினல் என்று சொல்லிப் போட்டும் விடாதே. என் மேசைக்கு எடுத்து வா. மூடி திறப்பது, முள் கழற்றுவது, திரும்ப மாட்டுவது எல்லாவற்றையும் அதில் பழகு. கை பழகிய பிறகு ஜனதாவைத் தொடலாம்.